கரும்பலகையும் நம் தோளும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



கற்றல் விளைவுகளைப் பற்றியும் மதிப்பீட்டைப் பற்றியும் பேசும் இந்த இடத்தில், பத்து நிமிடம் நம் தோள்பட்டையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அதற்குக் காரணம் ஒரு மாணவி. சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பில் அவள் எழுந்து, "டீச்சர், தேதியை ஏன் இப்பல்லாம் போர்டு நடுவுல எழுதுறீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. என் வலது கை காதுக்கு மேல் எழவில்லை என்பதை ஐந்து மாதமாக நான் மற்றவர்களிடம் மட்டுமல்ல, என்னிடமே மறைத்து வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஐந்து மாதத்தில் நான் செய்தவற்றைச் சொன்னால் உங்களில் பலர் தலையசைப்பீர்கள். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினேன். தைலம் தேய்த்தேன். சுளுக்கு என்று சொல்லி ஒருமுறை உருவிவிட்டும் பார்த்தேன். நாற்பதைத் தாண்டினால் தோள் இறுகத்தான் செய்யும், தானே சரியாகிவிடும் என்று சொன்னவர்களை நம்பினேன். இரவில் வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை; தலை வார முடியவில்லை. ஆனாலும் விடுப்பு எடுக்க மனமில்லாமல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்தேன்.

மாணவி கேட்ட மறுவாரம் அரசு மருத்துவமனைக்குப் போனேன். எலும்பு மருத்துவர் முதலில் என்னையே கையைத் தூக்கச் சொன்னார். கை பாதியில் நின்றது. பிறகு, "கையைத் தளர விடுங்கம்மா" என்று சொல்லி, அவரே பிடித்து மெல்ல உயர்த்தினார். கை மேலே போனது! "இது இறுகிய தோள் இல்லை. அதுவாக இருந்தால் நான் தூக்கினாலும் வராது. உங்களுக்குத் தசைநாணில்தான் கோளாறு" என்றார். அல்ட்ராசவுண்ட் பரிசோதனையில் ஒரு தசைநாண் பாதியளவு கிழிந்திருப்பது தெரிந்தது.

நான் அறிவியல் ஆசிரியை. பந்துக் கிண்ண மூட்டைப் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவள். இருந்தும் என் மூட்டை நான் அறிந்திருக்கவில்லை. இடுப்பு மூட்டில் பந்து ஆழமான கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. தோளில் அப்படியில்லை. அகல் விளக்கின்மேல் சாய்த்து வைத்த எலுமிச்சம்பழம் போலத்தான் மேற்கை எலும்பின் தலை நிற்கிறது. அதனால்தான் கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிகிறது. அது நழுவாமல் நடுவில் பிடித்து வைப்பவை நான்கு தசைகள்: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேப்புலாரிஸ். இவற்றின் நாண்கள் சட்டைக் கையின் 'கஃப்' போல எலும்புத் தலையைச் சுற்றிப் பிடித்திருப்பதால் 'ரொட்டேட்டர் கஃப்' என்று பெயர்.

இவற்றில் முதலில் சொன்ன சுப்ராஸ்பைனேட்டஸின் நாண்தான் அதிகம் பாதிக்கப்படுகிறது. தோளின் உச்சி எலும்புக்குக் கீழே உள்ள குறுகிய இடைவெளியில் அது செல்கிறது. வயது ஏற ஏற நாண் வலுவிழக்கும். கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை தொடர்ந்தால் அதன் சுமை கூடும். கரும்பலகையின் உச்சியில் எழுதுவது, சுவரில் விளக்கப்படம் மாட்டுவது, அலமாரியின் மேல்தட்டிலிருந்து பதிவேடுகளை இறக்குவது ஆகியவை எல்லாம் அத்தகைய வேலைகளே. கீழே விழுவதாலும், கனமான பொருளைத் திடீரென்று தூக்குவதாலும் நாண் ஒரேயடியாகக் கிழியவும் கூடும்.

கிழிசல் என்றதும் அறுவை சிகிச்சைதான் என்று பயந்தேன். அப்படியில்லை. வலியே இல்லாமல் கிழிந்த நாணோடு வாழும் முதியவர்கள் பலர் உண்டு. மெல்ல மெல்லத் தேய்ந்து வரும் பாதிப்புக்கு முதல் மருந்து உடற்பயிற்சிதான். வலியைத் தூண்டும் வேலையைக் குறைக்க வேண்டும். ஆனால் கையைத் தொட்டில் கட்டி முடக்கிவிடக் கூடாது. முடக்கினால் மூட்டு உண்மையிலேயே இறுகிவிடும்.

எனக்கு இயன்முறை மருத்துவர் படிப்படியாகக் கற்றுத் தந்தார். முதலில் முன்னால் குனிந்து, கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவது. பாஸ்டனைச் சேர்ந்த காட்மேன் என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் பயிற்சி இது. அடுத்து, விரல்களால் சுவரில் மெல்ல மேலேறுவது. பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, புறங்கையால் சுவரைத் தள்ளுவது. கடைசியாக ரப்பர் பட்டையை இழுப்பது. லேசான வலி பரவாயில்லை. மறுநாளும் வலி கூடியே இருந்தால் பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். பன்னிரண்டு வாரம் விடாமல் செய்தேன். முதல் மூன்று வாரம் பலன் ஒன்றும் தெரியவில்லை. பலர் கைவிடுவது அந்தக் கட்டத்தில்தான்.

வலி மிகுந்தால் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், கிழிசலை ஒட்டாது. திரும்பத் திரும்பப் போட்டால் நாண் வலுவிழக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை அளவு ஏறும். ஆகவே மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. விழுந்தபின் கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் உடனே மருத்துவரைப் பாருங்கள். முழுமையாகக் கிழிந்த நாணைத் தைக்க வேண்டியிருந்தால், தாமதம் அதைக் கடினமாக்கும். தோளில் வீக்கமும் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்தாலும், கை மரத்துப்போனாலும் அப்படியே. தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் மூச்சுத் திணறலும் வந்தால் அது இதயத்தின் எச்சரிக்கையாக இருக்கலாம். தைலம் தேடாமல் 108-ஐ அழையுங்கள்.

வகுப்பறையில் நான் மாற்றிக்கொண்டவை சிறியவை. பலகையின் அருகில் நின்று, நெஞ்சுக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் எழுதுகிறேன். கையை எட்டி நீட்டாமல், எழுத எழுதக் காலால் நகர்கிறேன். மேலே எழுத வேண்டுமானால் உறுதியான பலகைப்படி ஒன்றில் ஏறிக்கொள்கிறேன். குறிப்புகளை எழுத மாணவர்களை அழைக்கிறேன். அவர்கள் எழுத்தும் திருந்துகிறது. விடைத்தாள் கட்டை ஒரே தோளில் மாட்டுவதில்லை. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்து வீசும், ஈட்டி எறியும் பிள்ளை தோள் வலிக்கிறது என்றால், "பயிற்சி போதாது" என்று சொல்லிவிடாதீர்கள். எறிவதை நிறுத்தி, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நண்பர்களே, ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் சோர்ந்திருந்தால் என்னவென்று விசாரிக்கிறோம். அந்த அக்கறையை நாம் நமக்குக் காட்டுவதில்லை. நான் ஐந்து மாதம் காத்திருந்தேன். நீங்கள் காத்திருக்க வேண்டாம். வலி இரண்டு மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டு பள்ளி திறந்த நாளில், பலகையின் மேல்வரியில் நானே தேதியை எழுதினேன். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட அந்த மாணவி வாசலைக் கடக்கும்போது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள்.