ஹலால் மட்டும் போதுமா?

இறைச்சிக் கடையில் "ஹலாலா?" என்று கேட்கிறோம், அத்துடன் நின்றுவிடுகிறோம். திருமறையோ (2:168) ஹலாலுடன் 'தய்யிப்' என்னும் தூய்மையையும் சேர்த்தே கூறுகிறது. பிஸ்மி சொல்லி அறுத்த ஆடாயினும், ஈ மொய்க்க வெயிலில் தொங்கும் இறைச்சி தய்யிப் ஆகுமா?

ஆகவே, கால்நடை மருத்துவர் சோதித்து முத்திரையிட்ட இறைச்சியை, அன்று அறுத்ததை அன்றே விற்றுத் தீர்க்கும் கடையில் வாங்குங்கள். மீனுக்கு அறுப்பு இல்லை, தூய்மை உண்டு. செவுள் சிவந்து, கண் தெளிந்து, அழுத்திய தசை உடனே மேலெழுந்தால் அது புதிய மீன்.

எனினும், 2018 ஜூனில் கேரளச் சோதனைச் சாவடிகளில், ஃபார்மலின் கலந்த மீன் ஆயிரக்கணக்கான கிலோ பிடிபட்டது. பிணத்தைப் பதப்படுத்தும் அந்த மருந்து தசையை விறைக்கச் செய்யும். அங்கே நம் கண்ணும் விரலும் ஏமாறலாம். விற்பவரின் இறையச்சமே காவல்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரம் கண்டு, 'இதை மக்கள் பார்க்க மேலே வைத்திருக்கலாகாதா' எனக் கேட்டார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். நேற்றைய மீனை நேற்றையது என்றே சொல்லி விற்பவரிடம் வாங்குவோம். விற்பவராயின் அவ்வாறே விற்போம். வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.