முடிவு வருமுன்னே

ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடிவு வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று பல பெற்றோர் இருந்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் கவலை. பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கும், அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு.வுக்கும் இணைய விண்ணப்பம் பெரும்பாலும் முடிவுக்கு முன்பே திறந்துவிடும். ஓராண்டு மெட்ரிகுலேஷனுக்கு நம் பினாங்கிலேயே, கெப்பாளா பத்தாஸ் பக்கம், கல்லூரி இருக்கிறது. ஒன்றரை ஆண்டு ஆறாம் படிவம் படித்து எஸ்.டி.பி.எம். எழுதினாலும், 1969இல் தொடங்கிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்வரை வழி உண்டு. யு.பி.யு. தகுதிப் புள்ளியில் தேர்வுக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. அந்தப் பத்தை அலட்சியம் செய்யாதீர்கள். சாரணர் இயக்கம், பூப்பந்துப் போட்டி, தமிழ்மொழிக் கழகச் செயலாளர் பதவி என்று எதில் நற்சான்றிதழ் கிடைத்தாலும் நான்காம் படிவத்திலிருந்தே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பிள்ளை விண்ணப்பத்தில் துறைகளை வரிசைப்படுத்தும்போது பக்கத்தில் உட்காருங்கள். விரும்பாத துறையை இடம் நிரப்புவதற்காகப் போடவேண்டாம். ஐயமிருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரை இன்றே போய்ப் பாருங்கள்.