வீட்டுத் திரையரங்கத்திற்கு அழகு அதிர்வா, வசனமா?



இடி இடித்தால் சோபா அதிர வேண்டும் என்றார் எதிரணி நண்பர். அதிரட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் இடி ஓய்ந்ததும் "என்னப்பா சொன்னான்?" என்று பாட்டி கேட்கிறாரே, அவருக்கு யார் பதில் சொல்வது? கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்ப் படத்தின் வசனம் புரியாமல், திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளைப் படிக்கும் வீடுகள் உண்டு. தாய்மொழிப் படத்திற்கு இந்த நிலை ஏன்?

5.1 என்றால் ஐந்து ஒலிபெருக்கிகள், ஒரு சப்வூஃபர். வசனத்தின் பெரும்பகுதி வருவது திரைக்குக் கீழே இருக்கும் நடு ஒலிபெருக்கியில். கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? சப்வூஃபர் எத்தனை அங்குலம் என்று கேட்கிறோம். ஆளுயரத்தில் நிற்கும் இரண்டு பெட்டிகளைப் பார்த்து மயங்குகிறோம். நடுவில் வைப்பதற்கு மிச்சக் காசில் கிடைத்ததை வாங்குகிறோம். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டிக்குள் பெரிய கூம்பு தாழ்ந்த ஓசையைத் தரும். சிறிய ட்வீட்டர் உயர்ந்த ஓசையைத் தரும். இரண்டுக்கும் பாகம் பிரித்துக் கொடுப்பது கிராஸ்ஓவர். பல பெட்டிகளில் இந்தப் பாகப்பிரிவினை 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் அளவில் நடக்கிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் ஏறத்தாழ அதுதான். ச, ட, த போன்ற ஒலிகளை வேறுபடுத்திக் காட்டுவது உயர்ந்த ஓசை. அங்கே பிசகினால் குரல் கேட்கும், சொல் புரியாது.

ஆகவே இடம், நடு, வலம் மூன்றும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் நாயகன் திரையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவதற்குள் அவன் குரலே மாறிவிடும்.

1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக எல்எஸ்3/5ஏ என்ற பெட்டியை வடிவமைத்தது. உயரம் ஓரடிதான், சோபாவை அதிர வைக்காது. மனிதக் குரல் இயல்பாகக் கேட்கிறதா என்பதே அந்தப் பொறியாளர்களுக்கு முக்கியச் சோதனை. அந்த வடிவமைப்பு இன்றும் ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு விலைபோகிறது.

"எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது?" என்று கேட்பீர்கள். நான் கூடுதல் பணம் கேட்கவில்லை, இருக்கும் பணத்தைச் சரியாகப் பங்கிடச் சொல்கிறேன். பொருத்தமான நடுப்பெட்டி கிடைக்கவில்லையா? அதை விட்டுவிடுங்கள். நடுப்பெட்டி இல்லை என்று ஆம்ப்ளிஃபையரில் குறித்துவிட்டால், வசனம் இடம் வலம் இரண்டிலும் சமமாக வந்து, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் திரையிலிருந்தே வருவதுபோல் கேட்கும்.

இன்னொன்று, நம் தொடர் வீடுகள். தரையெல்லாம் ஓடு, சுவரெல்லாம் சிமெண்டு. வசனம் சுவரில் மோதித் திரும்பி வந்து அடுத்த சொல்லை மறைக்கிறது. கனத்த திரைச்சீலையும் தரைவிரிப்பும் பல நூறு வெள்ளிக் கருவி செய்யாததைச் செய்யும். சப்வூஃபரோ சுவரைத் தாண்டிப் போகும். 40 ஹெர்ட்ஸ் ஓசையின் ஒரு அலை ஏறத்தாழ 28 அடி நீளம். அதற்கு நமக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் எம்மாத்திரம்? வசனம் புரியவில்லை என்று சத்தத்தைக் கூட்டுகிறோம், அடுத்த வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்கிறது. அண்டை வீட்டாரின் உறவு ஒலிபெருக்கியால் கெட வேண்டுமா?

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் ஒலிக்கருவிக் கடைகள் இருக்கின்றன. போகும்போது நீங்கள் நன்கறிந்த தமிழ்ப் படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். சண்டைக் காட்சி வேண்டாம், இருவர் மெல்லப் பேசும் காட்சியைப் போடச் சொல்லுங்கள். நடுவில் மட்டும் உட்காராமல் பக்கவாட்டிலும் உட்கார்ந்து கேளுங்கள். படுக்கை வாட்டில் இரண்டு கூம்பு வைத்த சில நடுப்பெட்டிகள் பக்கத்தில் இருப்பவருக்குக் குரலை மங்கவைக்கும். வீட்டில் அந்த ஓர இருக்கையில் பெரும்பாலும் பாட்டிதான் இருப்பார்.

அவருக்கும் வசனம் புரிந்தால்தான் அது வீட்டுத் திரையரங்கம்.