காவலற்ற கதிர் கொல்லும்
(பொதுக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கண்ணிற் படும் பகைவனை எதிர்த்து நிற்கலாம். உருவமும் மணமுமற்ற பகைவனை என் செய்வது? புற்றுநோயைத் தீர்க்க உதவும் அயனாக்கும் கதிர்வீச்சு, காவல் தவறினால் அத்தகைய பகையாகிவிடும்.

பிரேசில் நாட்டின் கொயானியா நகரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். 1985ஆம் ஆண்டின் இறுதியளவில் தனியார் வைத்திய நிலையமொன்று வேறிடம் பெயர்ந்தது. கதிர்ச் சிகிச்சை இயந்திரமொன்றைப் பழைய கட்டிடத்திலேயே விட்டுச் சென்றது. அநுமதி வழங்கிய அதிகாரிகளுக்கு அறிவிக்கவுமில்லை. 1987 செப்டெம்பரில் இருவர் அதன் பாகங்களைக் கழற்றிப் பழைய இரும்பு வியாபாரியிடம் விற்றனர். உள்ளிருந்தது நூறு கிராமுக்கும் குறைந்த சீசியம்-137 உப்பு. இருளில் நீலமாய் ஒளிர்ந்த அதனை அதிசயமென்று எண்ணி உறவினருக்கும் பகிர்ந்தனர். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் மாண்டனர். 112,000க்கு மேற்பட்டோர் பரிசோதிக்கப்பட்டனர். 249 பேரிடம் கதிர்மாசு காணப்பட்டது.

அன்பர்களே! அந்த இயந்திரத்துக்கு அநுமதி இருந்தது. அநுமதிக்குப் பின் அதனைத் தேடிப் பார்ப்பார் இருக்கவில்லை.

இலங்கையில் 1969ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தி அதிகாரசபையை நிறுவியது. அணுவின் பயனை வளர்க்கும் பணியும் அதன் தீங்கைத் தடுக்கும் பணியும் ஒரே கையில் இருந்தன. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அவற்றைப் பிரித்தது. வளர்ப்பதற்கு ஒரு சபையும், ஒழுங்குபடுத்துவதற்கு ஒரு பேரவையும் அமைத்தது. இதனை நாம் வரவேற்கிறோம். ஆடுபவனே நடுவனாக நிற்பது முறையன்று.

ஆயினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. நாம் கேட்பவை மூன்று. ஒவ்வொரு கதிர்மூலமும், நாட்டுக்குள் வந்த நாள்முதல் பாதுகாப்பாக அகற்றப்படும் நாள்வரை, பொறுப்பாளரின் பெயருடன் பதிவேட்டில் நிற்றல் வேண்டும். ஒழுங்குபடுத்தும் பேரவைக்குப் போதிய ஆட்களும் கருவிகளும், எவர் முகத்துக்கும் அஞ்சாத சுதந்திரமும் வேண்டும். எச்சரிக்கைகள் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். வழக்கமான மூவிதழ்ச் சின்னம் பலருக்கும் விளங்காமையாலன்றோ, 2007இல் சர்வதேச அணுசக்தி முகவரகம் மண்டையோடும் தப்பியோடும் மனிதனும் பொறித்த செந்நிறச் சின்னத்தை அறிமுகஞ் செய்தது! படத்துக்கே விளக்கம் தேவையாயின், அறியாத மொழியில் எழுதிய எச்சரிக்கையால் யாது பயன்?

மருந்தைக் கேட்கும் உரிமை மக்களுக்குண்டு. அது நஞ்சாகாமற் காக்கப்பட வேண்டுமெனக் கேட்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையையே நாம் கேட்கிறோம்.