பத்துப் பேர், நாலு பேர்: மட்டாஞ்சேரி யூதத் தெரு

போன மாசம் லீவு போட்டுட்டு கொச்சி போயிருந்தேன். அங்க மட்டாஞ்சேரியில ‘ஜூ டவுன்’னு ஒரு தெரு. யூதர்கள் பல தலைமுறையா வாழ்ந்த இடம். தெருக் கோடியில பரதேசி ஜெப ஆலயம், 1568-ல கட்டினது. பரதேசின்னா நாம திட்டுற அர்த்தம் இல்ல. வெளிதேசத்துலேர்ந்து வந்தவங்கன்னு அர்த்தம். அவங்களுக்குக் கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்துலயே இடம் கொடுத்தார்.

செருப்பைக் கழட்டிட்டுத்தான் உள்ள போகணும். தரை முழுக்க சீனாவுலேர்ந்து வந்த, கையால வரைஞ்ச நீல-வெள்ளை டைல்ஸ். மேல கண்ணாடி விளக்குகள். வெளிய 1760-ல கட்டின மணிக்கூண்டு. எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. ஆட்கள்தான் இல்ல.

யூதர்கள் முறைப்படி கூட்டு வழிபாடு நடத்த, வயசுக்கு வந்த ஆண்கள் பத்துப் பேராவது வேணும். ‘மின்யான்’னு சொல்வாங்க. 1948-ல இஸ்ரேல் உருவானதுக்கு அப்புறம் பெரும்பாலான குடும்பங்கள் அங்க போயிட்டாங்க. யாரும் விரட்டல, அவங்களாவே கிளம்பினாங்க. இப்போ அந்தத் தெருவுல பத்துப் பேர் சேரணும்னா வெளியூர்லேர்ந்து யாராவது வரணும்.

அங்க சாரா கோஹன்னு ஒரு பாட்டி எம்பிராய்டரி கடை வச்சிருந்தாங்க. 2019-ல, 96 வயசுல காலமானாங்க. கடைசி வரைக்கும் அவங்களைப் பார்த்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம். கடையையும் அவங்க நினைவையும் இன்னைக்கும் காப்பாத்திட்டு வர்றதும் அவங்கதான்.

அங்க நிக்கும்போது எனக்கு எங்க ஊர் முத்துப்பேட்டைதான் ஞாபகம் வந்துச்சு. எங்க தெருவுல பாதி வீடு பூட்டிக் கிடக்கு. துபாய், சிங்கப்பூர், சென்னைன்னு எல்லாரும் போயாச்சு. அந்த லிஸ்ட்ல நானும் உண்டு. தர்கா கந்தூரிக்கு, பொங்கலுக்கு வந்து தலையைக் காட்டுவோம், மறுநாள் பஸ் ஏறிடுவோம்.

சமீபத்துல பக்கத்து வீட்டுத் தாத்தா தவறிட்டார். சின்ன வயசுல என்னை சைக்கிள்ல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனவர். தூக்குறதுக்குத் தெருவுல ஆள் பத்தல, அடுத்த தெருவுலேர்ந்து ரெண்டு பேர் வந்தாங்கன்னு அம்மா போன்ல சொன்னாங்க. அன்னைக்கு நான் ஆபீஸ் மீட்டிங்ல இருந்தேன். ‘போறதுக்கு நாலு பேர் வேணும்’னு நம்ம ஊர்ல சும்மாவா சொன்னாங்க?

கட்டடத்தைப் பாதுகாக்க காசு போதும். தெருவைப் பாதுகாக்க ஆள் வேணும். அந்த ஆள் பக்கத்து வீட்டுக்காரராவும் இருக்கலாம், வேற மதத்துக்காரராவும் இருக்கலாம்.

மட்டாஞ்சேரிக்குப் போங்க. சனிக்கிழமை ஜெப ஆலயம் மூடியிருக்கும், பார்த்துக்கோங்க. அதுக்கு முன்னாடி ஒரு சனிக்கிழமை உங்க ஊருக்கும் போயிட்டு வாங்க. நான் இந்த வாரம் டிக்கெட் போட்டாச்சு.