கிளிக்கு என்ன வயது?

கிளி ஜோசியம் பார்ப்பவரிடமிருந்து மீட்ட ஒரு பச்சைக்கிளியை வனக்காவலர் ஒருவர் அட்டைப்பெட்டியில் வைத்து என்னிடம் கொண்டு வந்தார். வந்ததும் அவர் கேட்டது, "டாக்டர், இதுக்கு என்ன வயசிருக்கும்?"

மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்லிவிடுவோம். கிளியிடம் அது நடக்காது. குஞ்சாக இருக்கும்போது கண்ணின் கருவிழி இருண்டிருக்கும். வளர வளர அதைச் சுற்றி வெளிர் வளையம் தெரியும். ஆண் கிளிக்குக் கழுத்தில் ஆரம் விழ இரண்டு, மூன்று வருடம் ஆகும். அதைத் தாண்டிவிட்டால் ஐந்தா இருபதா என்று சொல்ல உடம்பில் திட்டமான அடையாளம் எதுவும் கிடையாது. கண்ணில் புரை, கால் விரல்களில் தடித்த தோல், கொம்பைப் பிடிப்பதில் தளர்ச்சி, இவை முதுமையைக் காட்டலாம். ஆனால் நீண்டு வளைந்த அலகையும் மங்கிய இறகையும் பார்த்துக் கிழம் என்று முடிவு கட்டக் கூடாது. வருடக்கணக்காகத் தப்பான தீனி தின்ற இளங்கிளியும் அப்படித்தான் இருக்கும்.

அந்தக் கிளி மேசைமேல் கிடந்த மருந்துச் சீட்டை அலகால் கவ்வி இழுத்துப் போட்டது. பிறகு தலையைச் சாய்த்து என் விரல்களைப் பார்த்தது. சீட்டு எடுத்தால் ஒரு நெல்; அதற்குத் தெரிந்த சாப்பாடு அதுதான். டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தேன். மேலண்ணத்தில் முள்முள்ளாக நிற்க வேண்டிய சிறு முனைகள் மழுங்கிக் கிடந்தன. வைட்டமின் ஏ குறைந்தால் இப்படி ஆகும்.

நெல்லிலும் சூரியகாந்தி விதையிலும் அந்தச் சத்தும் கிடையாது, சுண்ணாம்புச் சத்தும் போதாது. சூரியகாந்தியில் கொழுப்பு வேறு அதிகம். கூண்டில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஈரலில் போய்ப் படியும். கேரட், பரங்கிக்காய், முருங்கைக்கீரை, பப்பாளி, முளைகட்டிய பாசிப்பயறு கொடுக்கலாம். மிளகாயும் தாராளமாகத் தரலாம், பறவைக்குக் காரம் உறைக்காது. பால்சோறு வேண்டாம், பால் அதற்குச் செரிக்காது. வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காப்பி மூன்றும் விஷம்.

ஆனால் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். நெல்லையே தின்று பழகிய கிளிக்குக் கேரட் சாப்பிடுகிற பொருள் என்றே தெரியாது, பட்டினி கிடக்கும். பழைய தீனியோடு கலந்து, வாரக்கணக்கில், மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். தினமும் காலையில் சமையலறைத் தராசில் எடை பார்க்க வேண்டும். பச்சைக்கிளி சாதாரணமாக 110 முதல் 140 கிராம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆபத்து. வயதான கிளியாக இருந்தால் உட்காரும் கொம்பைத் தாழ்வாக வையுங்கள்; விழுந்தாலும் அடிபடாது.

நேயர்களே, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியை வீட்டில் வளர்க்கக் கூடாது. இத்தனை நாள் வளர்த்துவிட்டோமே என்று பயந்து திறந்து விட்டுவிடாதீர்கள். கூண்டிலேயே கிடந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். ஒப்படைக்கும்போது, எத்தனை வருடம் உங்களிடம் இருந்தது, என்ன தின்றது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதை வைத்துத்தான் எங்களால் வைத்தியத்தைத் தொடங்க முடியும்.