மோட்டார் சைக்கிள் கிளம்ப மறுத்தால்



இன்று நம் கிராமங்களில் உழவரின் வாகனம் மோட்டார் சைக்கிளே. விடியற்காலையில் பாற்கேனைச் சங்கத்துக்குக் கொண்டு செல்வதும், உரமூட்டையை வயலுக்குச் சேர்ப்பதும், அவசர வேளையில் நோயாளியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்வதும் அதுவே. அது கிளம்ப மறுத்தால் இருவகை நஷ்டம் உண்டாகிறது. அன்றைய வேலை கெடுவது ஒன்று. காரணம் அறியாமல் புதிய பாட்டரியும் புதிய ஸ்டார்ட்டர் மோட்டாரும் வாங்கிப் பணத்தை விரயமாக்குவது மற்றொன்று. இரண்டாவது நஷ்டத்தைத் தவிர்ப்பது முற்றிலும் நம் கையில் இருப்பதால், அதைக் குறித்தே இங்குப் பேச விரும்புகிறேன்.

முதலில் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்தியதும் என்ன சப்தம் வருகிறது என்பதே பாதி விடையாகும். சாவியைத் திருப்பியும் எந்த விளக்கும் எரியவில்லையெனில், பியூஸ் போயிருக்கலாம்; அல்லது பாட்டரி முனையில் கம்பி கழன்றிருக்கலாம். விளக்குகள் எரிகின்றன, பொத்தானை அழுத்தினால் மட்டும் யாதொரு சப்தமும் இல்லையெனில், கைப்பிடியில் உள்ள சிவப்பு நிறுத்து ஸ்விட்சைப் பாருங்கள். குழந்தைகள் விளையாட்டாக அதைத் தள்ளிவிட்டிருப்பது சர்வ சாதாரணம். பிறகு வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளச்சைப் பிடித்துக்கொண்டும், பக்கத் தாங்கியை மடக்கியும் முயலுங்கள். இவை ஒவ்வொன்றிலும் ஒரு சிறு ஸ்விட்ச் இருக்கக்கூடும். சேற்று வயலுக்குப் போய்வரும் வண்டியில் பக்கத் தாங்கி ஸ்விட்ச் மண் ஏறிக் கெடுவதில் வியப்பில்லை.

பொத்தானை அழுத்தியவுடன் "டக டக டக" என்று தொடர்ந்து அடித்தால், அது ரிலேயின் குரல். ரிலே மின்சாரத்தை மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. உடனே பாட்டரியின் வோல்ட் விழுந்துவிடுகிறது. பிடிமானம் இழந்து ரிலே விடுகிறது. வோல்ட் ஏறியதும் மறுபடி பிடிக்கிறது. பாட்டரி வலுவிழந்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் தளர்ந்தோ பூத்தோ இருக்கின்றன என்பதே இதன் பொருள். ஒரே ஒரு "டக்" மட்டும் கேட்டு மோட்டார் சுழலவில்லையெனில், ரிலேயின் உள்முனை கருகியிருக்கலாம். கேபிளில் தடை இருக்கலாம். மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

"ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறதே, பாட்டரி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று பலர் கேட்பதுண்டு. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாந்து போகிறார்கள். கணக்கைச் சற்றுக் கவனியுங்கள். 35 வாட் விளக்குக்கு ஏறக்குறைய 3 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ பல பத்து ஆம்பியர்களை இழுக்கும்; 60 என்று வைத்துக்கொள்வோம். பூத்துப்போன ஓர் இணைப்பில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடைதான் இருக்கிறது. விளக்கு எரிகையில் அங்கே நஷ்டமாவது 0.15 வோல்ட், கண்ணுக்கே தெரியாது. ஸ்டார்ட்டர் இழுக்கையில் நஷ்டமாவது 3 வோல்ட். 12 வோல்ட்டில் 3 வோல்ட்டை வழியிலேயே பறிகொடுத்தால் மோட்டார் எவ்வாறு சுழலும்? மண்மேடிட்ட வாய்க்காலில் சிறு நீர் தடையின்றிப் போகும். முறைத் தண்ணீரைத் திறந்துவிட்டால் கரை உடையும். அதே கதைதான்.

இந்த நஷ்டத்தை மல்டிமீட்டர் கொண்டு நேராகவே அளக்கலாம். கருவியின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை எஞ்சினின் வண்ணமற்ற உலோகத்திலும் வைத்து, ஒருவர் பொத்தானை அழுத்த வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கம்பியின் இணைப்பே குற்றவாளி. அதைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி முடுக்கி, மேலே சிறிது வாசலைன் தடவினால் போதும். இந்த வைத்தியத்துக்குச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

பாட்டரியையும் அளந்தே தீர்மானியுங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.6 வோல்ட்டோ அதற்குச் சற்று மேலோ இருந்தால் அது நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே இறங்கினால் முதலில் சார்ஜ் செய்து பார்க்க வேண்டும். நன்கு சார்ஜ் செய்த பின்னும் ஸ்டார்ட்டர் இழுக்கையில் 9.5க்கும் கீழே விழுந்தால் மட்டுமே புதியது வாங்கலாம். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு அளக்கையில் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அவ்வளவு ஏறாவிட்டால் குறை சார்ஜ் செய்யும் அமைப்பில் உள்ளது. புதிய பாட்டரியும் விரைவில் படுத்துவிடும்.

இந்தியாவில் 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு எரிகிறது. வீட்டிலிருந்து வயலுக்கு ஒரு மைல், வயலிலிருந்து கடைக்கு அரை மைல் என்று நாளெல்லாம் பொத்தானை அழுத்தினால், செலவான மின்சாரம் திரும்பி நிரம்ப நேரமிராது. காலில் உதைக்கும் நெம்புகோல் உள்ள வண்டிகளில் காலையில் முதல்முறை அதையே உபயோகிப்பது நலம். அது நாகரிகக் குறைவு என்று எண்ணும் இளைஞர்களுக்கு நான் வேறென்ன சொல்ல! 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகள் எரிபொருளைப் பீச்சும் முறைக்கு மாறிவிட்டன. அவற்றில் பெட்ரோல் பம்பும் மின்சாரத்தாலேயே இயங்குவதால், பாட்டரி அறவே வற்றினால் தள்ளிவிட்டும் பயனில்லை. சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் அந்தப் பம்பினுடையது. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுழன்றும் எஞ்சின் பற்றாதபோது, அந்த ஒலி வருகிறதா என்று முதலில் கேளுங்கள்.

அபாயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பாட்டரியைக் கழற்றும்போது எதிர்முனையை முதலில் எடுங்கள். மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். மாறிச் செய்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும். சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிவரக்கூடுமாகையால் அருகில் பீடி கூடாது. பொத்தானை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்த வேண்டாம். இடையே மோட்டார் ஆறட்டும். பியூஸ் போன இடத்தில் செப்புக் கம்பியைச் சுற்றுவது வண்டிக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு விண்ணப்பம். மல்டிமீட்டர் விலை அதிகமில்லை. பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒன்று வாங்கி வைத்து, இளைஞர் இருவரைப் பழக்கினால் ஊருக்கே பயன்படும். செத்த பாட்டரிகளை ஈயத்துக்காகத் தெருவில் உடைப்பதையும் தடுத்து நிறுத்துங்கள். அந்த ஈயமும் அமிலமும் கிணற்றையும் குழந்தைகளையும் கெடுக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி பழையவற்றைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டுக்குத் தயாரிப்பாளர்கள் பொறுப்பாவார்கள். புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, அதற்குரிய தொகையை விலையில் கழித்துக்கொள்ளும்படி கேளுங்கள்.